ஏழாயிரத்து நானூறு

"அந்தப் பையை இப்படிக் குடு, முன்னால ஜனங்க வந்து உக்காந்து—"

"குடுக்க மாட்டேன். நீங்க எடுத்து எங்கயாவது ஒளிச்சு—"

"ஒளிக்கல. பீரோ மேல வைக்கிறேன். நாளைக்கு எடுத்துப் பாரு, நாளன்னிக்குப் பாரு, இன்னிக்கு மட்டும்—"

"அஞ்சாந்தேதி என்ன சொன்னீங்க? வெள்ளை அணு எழுநூறு ஆயிடுச்சு, ஏறுதுன்னு சொன்னீங்களா இல்லையா?"

"மெதுவாப் பேசும்மா."

"இதுல ஐநூறுன்னு போட்டிருக்கு அண்ணி! ஆறாந்தேதி தொள்ளாயிரம்னீங்க. இதோ, நானூறு. ஏழாந்தேதி—"

"உன் வாயில ரெண்டு வாய் சோறு போறதுக்காகச் சொன்னேன். பொய்தான். போதுமா? இப்ப குடு."

பையின் ஒரு காது ஒருத்தி கையில், மற்ற காது இன்னொருத்தி கையில். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் கொடுத்த மெல்லிய வெள்ளைப் பை. எத்தனை நேரம்தான் தாங்கும்? பையைக் கேட்டவள் பக்கத்துக் காது பிய்ந்துகொண்டு வந்தது. காகிதங்கள் தையல் மெஷின் பலகை மேல் சரிந்தன. இரண்டு மூன்று கீழே விழுந்து, வெட்டுத் துணிகளோடு கலந்தன.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். யாரோ இருமினார்கள். முன்னறைக் கட்டிலில், மற்ற காதை விடாமல் நின்ற தையல்காரியின் புருஷன் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தான். காலை ஆறு பத்துக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. ஒன்பதரைக்கு வீடு வந்தான். நான்கு மணிக்கு மறுபடி வண்டி வரும்.

பிய்ந்த காதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் அவனுடைய அக்கா. தெருவிலும் சரி, தம்பி வேலை பார்த்த செருப்புக் கம்பெனியிலும் சரி, அவளுக்குக் கொசு அக்கா என்றுதான் பெயர். மருந்துக் கடையை ஒட்டிய ஒற்றை அறையில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்புகிறவள். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனிக்கே போய் எல்லாருக்கும் எடுப்பாள். அப்படி ஒரு நாள், வரிசையில் நின்ற அறுபது பேர் முன்னால், "கடிச்சதே தெரியல, ஆனா எவ்வளவு குடிச்சிருக்கா பாருங்கடா, கொசு!" என்று தம்பி சொன்னான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் செருப்புக்குப் பசை ஒட்டுகிறவன். அவன் ஒட்டினால் பிரியாது.

"உக்காருங்க அண்ணி," என்றாள் தையல்காரி. குரல் இறங்கியிருந்தது. "சண்டை போடல. ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் இது படிக்கத் தெரியும்."

அக்கா உட்காரவில்லை.

தையல்காரி காகிதங்களைத் துழாவி, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததை எடுத்தாள். மற்றவைபோல் ஆஸ்பத்திரித் தாள் இல்லை. நான்காக மடித்துப் பல நாள் பீரோவில் கிடந்த தாள். மெஷின் பலகையில் வைத்து, துணியை நீவுவதுபோல் இரண்டு உள்ளங்கையாலும் நீவினாள்.

"எட்டு மாசம் முன்னாடி எடுத்தது. பேரு அவர் பேரு. வெள்ளை அணுக்கள், ஏழாயிரத்து நானூறு. பக்கத்துலயே போட்டிருக்கான், நாலாயிரத்துலேர்ந்து பதினோராயிரம் வரைக்கும் இருக்கலாம்னு. நட்ட நடுவுல நிக்குது. சரியா?"

"ம்."

"சிவப்பணு மட்டும் கொஞ்சம் குறைச்சல்னு வந்துச்சு. அதுக்குத்தான் நான் மாசக்கணக்கா ஈரலும் கீரையும் பேரீச்சம்பழமுமாக் குடுத்தேன். 'என்னடி, ஆட்டை வளர்க்கிற மாதிரி வளர்க்கிறே'ன்னு கேட்டார். அப்ப நல்லாத்தானே இருந்தார்? சொல்லுங்க."

"வெளியில கூப்பிடறாங்க போல."

"யாரும் கூப்பிடல. அப்புறம் என்ன ஆச்சு? ஈறு வலிக்குதுன்னார். நான் போய் மாத்திரை வாங்கிட்டு வந்தேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூணு வாரம். வேணாம் வேணாம்னவரை நான்தான் வாயைத் திறக்க வெச்சுப் போட்டேன் அண்ணி. இந்தக் கையால." வலது கையை நீட்டிக் காட்டினாள், ஏதோ அக்கா அதில் ஊசி குத்தப்போவதுபோல. "டாக்டரே சொன்னாங்கல்ல?"

சொன்னாள்தான். சின்ன டாக்டர் என்று எல்லாரும் கூப்பிட்ட அந்தப் பெண்ணின் குரல் அக்காவின் காதில் பத்து நாளாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் நாள். தம்பிக்குக் காய்ச்சல் நெருப்பாக இருந்தது, வாயெல்லாம் புண். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

"வெள்ளை அணு அறுநூறுதான் இருக்கு," என்றாள் சின்ன டாக்டர். "இது அதிகமா வந்தாலும் கேள்வி, குறைஞ்சாலும் கேள்வி. அதிகமா இருந்தா உடம்பு எதையோ எதிர்த்து நிக்குதுன்னு பெரும்பாலும் சொல்லலாம். இப்படிக் குறைஞ்சா, எதிர்த்து நிக்கவே ஆள் இல்லைன்னு அர்த்தம்."

"எங்க கம்பெனியிலயும் அதேதான் டாக்டர்," என்றான் தம்பி. "ஆள் குறைப்பு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எப்பத்திலேர்ந்து குறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியணும். அதுதான் முக்கியம். பழைய ரத்தப் பேப்பர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

தையல்காரி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடிப்போய் இந்தத் தாளைக் கொண்டுவந்தாள். அது கிடைத்ததில் அவளுக்கு ஒரு பெருமைகூட. எதையும் தூக்கிப் போடாதவள்.

"அட, எட்டு மாசம் முன்னாடி நல்லா இருந்திருக்கே. என்ன வேலை பாக்கறார்?"

"செருப்புக்குப் பசை ஒட்டறது. பதினெட்டு வருஷமா."

"பசையா?" டாக்டர் நிமிர்ந்தாள். பிறகு மறுபடி தாளைப் பார்த்தாள். "பசை வாடையால வர்றதுன்னா மெதுமெதுவா இறங்கும். முன்னாடியே குறைச்சலாக் காட்டியிருக்கணும். இதுல அப்படி இல்லையே. சமீபத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?"

தையல்காரி பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"ஓ," என்றாள் டாக்டர். "இந்த மாத்திரை எங்கயோ ஆயிரத்துல ஒருத்தருக்கு, அதுகூட இல்ல, வெள்ளை அணுவை அடியோட இறக்கிடும். உங்க தப்பு இல்லம்மா, கடையில தாராளமாக் கிடைக்குது. நிறுத்திட்டா ஒரு வாரம் பத்து நாள்ல தானா ஏறும். அதுவரைக்கும் கிருமி அண்டாமப் பாத்துக்கணும்."

பிறகு அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்ற அக்காவைப் பார்த்தாள். "நீங்கதானே ரத்தம் எடுக்கிற இடத்துல வேலை பாக்கறீங்க? இது தவிர வேற ரிப்போர்ட் ஏதாவது இருந்துச்சா, உங்களுக்குத் தெரிஞ்சு?"

தம்பி தலையணையிலிருந்து அக்காவைப் பார்த்தான். ஈ ஓட்டுவதுபோல் தலையை இப்படியும் அப்படியும் ஒரே ஒரு தடவை அசைத்தான்.

"இல்ல டாக்டர்," என்றாள் அக்கா.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு உள்ளே என்ன இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்ல முடியாது. பயம் இருந்தது, வேலை போய்விடும் என்ற பயம், தம்பி வேலையும் போய்விடும் என்ற பயம். ஆனால் அதற்கு மேலே, எண்ணெய் மிதப்பதுபோல், ஒரு நிம்மதி. மாத்திரைதான். அப்பாடா, மாத்திரைதான். மாத்திரை இவள் கொடுத்தது.

"அண்ணி, உங்களைத்தான் கேக்கறேன்."

"என்ன?"

"டாக்டர் சொன்னாங்கல்ல, மாத்திரைன்னு?"

"டாக்டர் உன் தப்பு இல்லைன்னும்தான் சொன்னாங்க. அது காதுல விழலயா உனக்கு?"

"எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்க," என்றாள் தையல்காரி. அளவுக் குறிப்பு நோட்டைத் திறந்தாள். பள்ளிக்கூடச் சீருடைக்கு எடுத்த அளவுகள் பக்கம் பக்கமாக இருந்தன: தோள், மார்பு, இடுப்பு, உயரம். அவற்றுக்குப் பின்னால் அதே கையெழுத்தில், அதே கோடு போட்ட கட்டத்தில், 'வெள்ளை' என்று ஒரு தலைப்பு. அக்கா சொன்ன எண்களை எல்லாம் அவள் நாள்வாரியாக எழுதி வைத்திருந்தாள். எழுநூறு. தொள்ளாயிரம். ஆயிரத்து நூறு. இப்போது ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, பக்கத்தில் தாளில் இருந்ததை எழுத ஆரம்பித்தாள். ஐநூறு. நானூறு. முந்நூறு.

அக்கா அறையை விட்டு வெளியே வந்தாள்.

கட்டிலைத் தாண்டித்தான் பின்பக்கம் போக வேண்டும். தம்பியின் முகம் சவரம் செய்யாமல் இருந்தது. கன்னத்தில் ஆக்சிஜன் முகமூடியின் பட்டை அழுந்திய தடம் இன்னும் மறையவில்லை. இரண்டு பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். "மாத்திரையாமே?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் தணிந்த குரலில் கேட்டது நன்றாகவே கேட்டது. "அவளேதான் எல்லார்கிட்டயும் சொல்லி அழறா, பாவம்."

பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்து அக்கா முகத்தில் அடித்துக்கொண்டாள்.

போன வருஷக் கடைசியில் கம்பெனி மெடிக்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். தம்பி மத்தியான நேரத்தில் அவளுடைய ஒற்றை அறைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் போட்டான். வெள்ளை அணுக்கள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மறுபரிசோதனை தேவை.

"ரெண்டாவது தடவையும் நாலாயிரத்துக்குக் கீழ வந்தா பசை ரூம்ல வைக்க மாட்டான். வேற ரூமும் குடுக்க மாட்டான். 'போய் ஓய்வு எடுத்துக்கோப்பா'ம்பான். நாலு பேரை அப்படித்தான் அனுப்பினான்."

"சளி காய்ச்சல் வந்தாக்கூட குறையும்டா. பயப்படாதே. கையை நீட்டு, எடுத்துப் பாப்போம்."

"அதான் வேணாங்கறேன். உன்னுதுல எடு."

"என்னது?"

"உன் கையில எடுத்து என் பேரை எழுது. ஒரே வயித்துல பொறந்தோம், ரத்தம் மட்டும் வேறயா?"

"விளையாட்டா இருக்கா உனக்கு? இது எதுக்குன்னு தெரியுமா? டாக்டரைப் பாக்கணும்டா முதல்ல."

"பாக்கறேன். சத்தியமாப் பாக்கறேன். பேப்பர் போய்ச் சேரட்டும், அடுத்த வாரமே போறேன். கொசுவுக்கு ரத்தம் குடுக்கறதுன்னா மட்டும் கணக்கு வழக்கா? இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் உறிஞ்சினியே."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அதுதான் கொடுமை. கதவைச் சாத்தி, ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, தன் இடது கையில் தானே குத்தி, ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தத்தைப் பிடித்தாள். எட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாள். அவன் பெயரைத் தன் கையால் எழுதி ஒட்டினாள். அவன் எதிரில் உட்கார்ந்து, அவளுக்கு வாங்கி வந்த டீயை அவனே குடித்துக்கொண்டிருந்தான்.

ஏழாயிரத்து நானூறு வந்தது. அடுத்த வாரம் கேட்டாள், போகிறேன் என்றான். அதற்கடுத்த வாரம் கேட்டாள். அட, போறேன் என்றேனே என்றான். பிறகு கேட்கவில்லை. மறந்தாள் என்று சொல்ல முடியாது. தையல்காரி அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள், ஈரல் கழுவும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசினாள். அவன் பெயருக்குக் கீழே நல்ல எண்ணைப் பார்த்துப் பார்த்து, அது அவன் ரத்தம்தான் என்று அக்காவே எப்போதோ நம்பிவிட்டிருந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

மேஸ்திரி நின்றிருந்தார். பசை ரூம் மேஸ்திரி. காலையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டது, வண்டிக்குச் சொன்னது, எல்லாம் அவர்தான். அக்காவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் கம்பெனியில் எல்லாரையும்போல அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். பெரிய உடம்பு. நகக்கண்களில் பசை காய்ந்து மஞ்சளாக இருந்தது.

"நேரம் சரியில்லதான். அப்புறம் உங்களைத் தனியாப் புடிக்க முடியாது. வர வியாழக்கிழமை மெடிக்கல், இந்த வருஷம் முன்னாடியே வெச்சிட்டான். நீங்கதானே வர்றீங்க?"

"தெரியல."

"நீங்கதான் வரணும். தம்பி ஒரு தடவை சொன்னான், அக்கா கையாலதான் தப்பிச்சேன்னு. நான் யார்கிட்டயும் மூச்சு விடல." குரலை இன்னும் இறக்கினார். "போன மாசம் வெளியில எடுத்தப்ப எனக்கும் குறைச்சல்னு எழுதிட்டான். மூவாயிரத்து நூறு. நீங்க கொஞ்சம்—"

"அவன் உள்ள படுத்திருக்கான்."

"தெரியும் அக்கா. என் கூடப் பொறந்தவன் மாதிரி. ஆனா அவனுக்கு மாத்திரைதானே? மாத்திரை ஒத்துக்காம யாருக்கு வேணா—"

"மாத்திரை இல்ல."

மேஸ்திரி நிறுத்தினார்.

"பசை," என்றாள் அக்கா. "ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்னு சீட்டு வந்தப்பவே உள்ள காஞ்சுபோக ஆரம்பிச்சிருக்கு. ஈறு வலிச்சதே அதனாலதான். மாத்திரை அப்புறம் வந்தது. உங்க ஈறு எப்படி இருக்கு?"

அவர் நாக்கு கன்னத்துக்குள்ளே எதையோ தடவிப் பார்த்தது.

"பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

"வயசாச்சு இல்ல."

"வியாழக்கிழமை உங்க கையிலதான் குத்துவேன். உங்க ரத்தம்தான் போகும்."

"அப்ப நான் வீட்டுல உக்கார வேண்டியதுதான்."

"உக்காருங்க."

"ஈஸியாச் சொல்லிட்டீங்க. அவனுக்குச் செஞ்சீங்கல்ல?"

"செஞ்சதைத்தான் நீங்க கட்டில்ல பாத்துட்டு வர்றீங்க."

மேஸ்திரி வீட்டுக் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இதை நீங்க வெளியில சொன்னா உங்களுக்கும் போச்சு, எங்க எல்லாருக்கும் போச்சு. அறுபது பேர் பேப்பரையும் திருப்பிப் பாப்பான்," என்றார். பிறகு குழாயை, அது திறந்தே கிடந்ததால், அவரே மூடிவிட்டுப் போனார்.

நான்கு மணி என்றது நாலரை ஆயிற்று. வண்டி வந்தது, தூக்கினார்கள், போனார்கள், வந்தார்கள். அக்காவுக்கு நடுவில் நடந்தவை எதுவும் ஒழுங்காக ஞாபகமில்லை. வண்டிக் கதவைச் சாத்தும்போது சரியாகப் பொருந்தாமல் மூன்று தடவை அடித்துச் சாத்தியது மட்டும் ஞாபகமிருந்தது. திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். முன்னறையில் கட்டில் இருந்த இடத்தில் கட்டில்தான் இருந்தது.

தையல்காரி நேராகத் தையல் அறைக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அக்கா பின்னாலேயே போனாள். இனி இந்த வீட்டில் இவர்கள் இருவர்தான். அக்காவின் புருஷன் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மாடி அறை அவளுடையது. தம்பிக்குப் பிள்ளை இல்லை.

"ஏதாவது குடிக்கறியா?"

"இதுல இன்னும் எட்டு இருக்கு அண்ணி."

மாத்திரை அட்டை அவள் மடியில் இருந்தது. கட்டைவிரலால் ஒவ்வொரு குமிழையும் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆயிரத்துல ஒருத்தருக்குன்னு சொன்னாங்களே. நான் சாப்பிட்டா, அந்த ஒருத்தி நானா இருக்க மாட்டேனா?"

அக்கா அட்டையைப் பிடுங்கினாள். தையல்காரி தடுக்கவில்லை. காலையில் பைக்காக அவ்வளவு சண்டை போட்டவள், இப்போது விரல்களைக்கூட மடக்கவில்லை. அதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. ஆஸ்பத்திரியில் தம்பிக்கு நினைவு தப்பிய பிறகு அக்கா மூன்று தடவை சின்ன டாக்டரின் அறை வாசல்வரை போயிருக்கிறாள். "ஏதாவது கேக்கணுமா?" என்று டாக்டர் கேட்டபோது, "தண்ணி எங்க புடிக்கறதுன்னு" என்றாள். ஒன்பதாம் நாள் எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லம்மா, காலியா இருக்கு. மாத்திரையாலயும் ஆகலாம், வேற எதனாலயும் ஆகலாம். முன்னாடியே குறைஞ்சிருந்ததுன்னு தெரிஞ்சிருந்தா முதல் நாளே இதை எடுத்திருப்போம்" என்று டாக்டர் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. இப்போது கதவுக்கு வெளியே மேஸ்திரி நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாத்திரை இல்லம்மா," என்றாள்.

"மறுபடி ஆரம்பிக்காதீங்க."

"அந்த ஏழாயிரத்து நானூறு அவனுது இல்ல. என்னுது."

தையல்காரி திரும்பிப் பார்த்தாள்.

"என் ரத்தம். என் கையில நானே எடுத்து, அவன் பேரை எழுதி அனுப்பினேன். அவன்தான் கேட்டான். அதுக்கு முன்னாடியே அவனுக்கு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்னு வந்துச்சு. உனக்குத் தெரியக் கூடாதுன்னு சீட்டைக் கிழிச்சுப் போட்டான். நீ மாத்திரை குடுக்கறதுக்கு ஏழு மாசம் முன்னாடி. கேக்குதா? நீ கையால தொடறதுக்கு முன்னாடியே அவனுக்கு வந்தாச்சு."

தையல்காரி பலகையில் கிடந்த அந்தப் பழைய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சிவப்பணு குறைச்சல்னு இருந்துச்சே, அது எனக்கு. ஈரல் நான் தின்னிருக்கணும்."

"அவரும்தான் வெளுத்துப் போயிருந்தார்."

"அது வேற, இது வேற. நான் சொல்றது புரியுதா உனக்கு?"

"புரியுது." தையல்காரி மெதுவாகத் தலையாட்டினாள். "எப்ப யோசிச்சீங்க இதை? வண்டியில வரும்போதா?"

"என்ன சொல்றே நீ?"

"எழுநூறு, தொள்ளாயிரம், ஆயிரத்து நூறுன்னு எவ்வளவு அழகாச் சொன்னீங்க. நான் நோட்டுல வேற எழுதினேன். அதே முகத்தோடதான் இப்பவும் சொல்றீங்க."

"அது பொய். இது நிசம். மேஸ்திரிக்குத் தெரியும். போய்க் கேளு. அவன் மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்கான். போ, கேளு!"

தையல்காரி எழுந்தாள். எழுந்ததில் ஒரு வேகம் இருந்தது. பத்து நாளில் அவள் அப்படி எழுந்ததை அக்கா பார்க்கவில்லை. கதவைத் திறந்தாள். மேஸ்திரி இரண்டு கையிலும் நாற்காலி அடுக்கைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் படியில் நின்றிருந்தார்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"அவருக்குப் பதிலா அண்ணி ரத்தம் குடுத்தாங்களா? அவர் பேருல? உங்களுக்குத் தெரியும்ங்கறாங்க."

மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். அக்கா மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'சொல்லுங்க' என்று வாயசைத்தாள். அவர் நாற்காலிகளின் பாரத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்லம்மா. அப்படி எதுவும் எனக்குத் தெரியாது. கம்பெனியில அதெல்லாம் ரொம்பக் கண்டிப்பு. நர்ஸ் பக்கத்துலயே நிப்பாங்க."

"முன்னாடி ஒரு தடவை அவருக்குக் குறைச்சல்னு வந்துச்சா?"

"என் காதுக்கு வரல." கொஞ்சம் தயங்கினார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதோடு நிறுத்தாமல் இன்னும் ஒன்று சொன்னார். "அக்காவுக்கு மனசு கலங்கிப் போயிருக்கும்மா. தூக்கி வளர்த்த தம்பி. தனியா விடாதீங்க, கூடவே இருங்க."

படி இறங்கிப் போனார். நாற்காலிகள் வண்டியில் விழும் சத்தம் கேட்டது.

தையல்காரி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அந்த வேகம் போயிருந்தது. ஸ்டூலை அக்காவின் பக்கம் தள்ளி, தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். தான் கீழே, வெட்டுத் துணிகள் மேல், கால் மடித்து உட்கார்ந்தாள்.

"அவர் பயந்துட்டு பொய் சொல்றார்," என்றாள் அக்கா.

"சரி."

"சத்தியமாச் சொல்றேன். நான்தான்—"

"சரி அண்ணி. சரி." குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அக்காவின் முழங்காலில் நூல் பிசிறு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தாள். இன்னொன்று முழங்கைக்கருகில் இருந்தது. அதையும் எடுத்தாள். அந்த அறைக்கு வந்தால் யார் மேலும் ஒட்டும். யார் எழுந்து போனாலும் அவள் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவாள். பழக்கம். "யாரு சொல்லுவா இப்படி? என் தலையில இருக்கறதை எடுத்துத் தன் தலையில வெச்சுக்கறதுக்கு யாருக்கு மனசு வரும்? எங்க அம்மாகூட எனக்காக இப்படி ஒரு பழியை ஏத்துக்க மாட்டா."

அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். தையல்காரி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா நான் ஒண்ணும் சின்னப் பொண்ணு இல்ல. யோசிக்கத் தெரியாதா எனக்கு? டாக்டர் உங்க முகத்தைப் பாத்துக் கேட்டாங்க, வேற ரிப்போர்ட் இருந்துச்சான்னு. நான் அங்கதானே நின்னேன். இல்லைன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் பத்து நாள் இருந்துச்சு. உங்க தம்பி அங்க கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டிருந்தார்." எடுத்த நூல்களை விரலில் சுற்றிச் சின்ன உருண்டையாக்கிக்கொண்டே தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொல்றது நிசமா இருந்தா, அதையெல்லாம் பாத்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம நீங்க நின்னிருப்பீங்களா, அண்ணி?"